காட்டுயிர்ப் புகலிடத்துக்குத் திட்டம் போடும்போது நம் பேச்சு எங்கே எடுபடும்?

கேள்வி கேட்டிருப்பது அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் ஒரு குடும்பம். வீட்டுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் தேசியக் காட்டுயிர்ப் புகலிடம் ஒன்று இருக்கிறது. வார இறுதிகளில் அங்கே நடக்கப் போவார்கள், பறவை பார்ப்பார்கள். அந்தப் புகலிடத்தின் 15 ஆண்டு மேலாண்மைத் திட்டத்தைப் புதுப்பிக்கப் போகிறோம், அடுத்த மாதம் பொதுமக்கள் கூட்டம் என்று வாசலில் அறிவிப்பு வைத்திருக்கிறார்களாம். "நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை. போகலாமா? எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுச் சடங்குக்காகக் கூப்பிடுகிறார்களா? நாயைக் கூட்டிப் போகவும் சைக்கிள் ஓட்டவும் அனுமதி கேட்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

போகலாம். கட்டாயம் போங்கள். கருத்துச் சொல்லக் குடியுரிமை ஒரு நிபந்தனையே இல்லை. பயன் உண்டா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பயன் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்கள் தேடுகிற இடத்தில் அது கிடைக்காது. ஆள் திரட்டி, நூறு கையெழுத்து வாங்கி, ஒரே கடிதத்தை ஆளுக்கொரு தடவை அனுப்புவதால் அதிகம் நடந்துவிடாது. முடிவெடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் நமக்குக் கொடுக்கவில்லை. நாம் சொன்னதற்குப் பதில் பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைச் சரியான நேரத்தில், சரியான விதத்தில் பயன்படுத்தினால் ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு பக்கக் கடிதம்கூடத் திட்டத்தில் இடம் பிடிக்கும்.

முதலில், இது தேசியப் பூங்கா இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1903 மார்ச் 14 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஃப்ளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கென்று ஒதுக்கினார். தொப்பிகளில் செருகும் இறகுக்காகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே தொடங்கிய வரிசையில் இன்று 570-க்கும் மேற்பட்ட புகலிடங்கள் இருக்கின்றன. இவற்றை நடத்துவது, மத்திய அரசின் நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் இன்டீரியர் துறையின் கீழ் வரும் ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸ். தேசியப் பூங்கா மக்கள் வந்து பார்த்து மகிழவும் ஏற்பட்டது. புகலிடம் முதலில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உரியது. விதியே அப்படித்தான் இருக்கிறது: திறந்திருப்பதாக அறிவிக்கப்படாத வரை புகலிட நிலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டதாகவே கருதப்படும். நீங்கள் நடக்கும் பாதை திறந்திருக்கிறது என்றால், எப்போதோ ஒருவர் ஆராய்ந்து, எழுதி, கையெழுத்துப் போட்டுத் திறந்திருக்கிறார் என்று பொருள்.

பல காலம் இந்த ஆராய்ச்சி சரியாக நடக்கவில்லை. 1966-ல் புகலிடங்களை ஒரே அமைப்பாகச் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஒவ்வொரு புகலிடத்துக்கும் திட்டம் வேண்டும் என்றோ, அதைப் பொதுமக்களோடு சேர்ந்து போட வேண்டும் என்றோ அதில் கட்டாயம் இல்லை. 1989-ல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஓர் அறிக்கை கொடுத்தது. விசைப்படகுகள், கால்நடை மேய்ச்சல், ராணுவப் பயிற்சி என்று காட்டுயிர்களுக்குக் கேடு செய்யும் பயன்பாடுகள் பல புகலிடங்களில் தாராளமாக நடந்துகொண்டிருந்ததை அது சுட்டிக்காட்டியது. உள்ளூர் அழுத்தத்துக்கு மேலாளர்கள் தனித்தனியாக வளைந்து கொடுத்ததால் வந்த வினை இது. பிறகு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன, சமரசம் ஆனது. கடைசியில் 1997 அக்டோபரில் புகலிட அமைப்பை மேம்படுத்தும் சட்டம் நிறைவேறியது. நீங்கள் போகப்போகும் கூட்டத்தின் வேர் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டம் சொல்வதில் நமக்கு வேண்டியவை சில. ஒவ்வொரு புகலிடத்துக்கும் ஒரு விரிவான பாதுகாப்புத் திட்டம் வேண்டும், அதை 15 ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும். தயாரிக்கும்போதும் திருத்தும்போதும் பொதுமக்கள் உண்மையாகவே பங்கெடுக்க வாய்ப்பு இருக்க வேண்டும். பக்கத்து நில உரிமையாளர்களையும் மாநிலக் காட்டுயிர்த் துறையையும் கலந்து பேச வேண்டும். வரைவை அறிவித்து, பிரதிகளைக் கள அலுவலகத்திலும் வட்டார அலுவலகத்திலும் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்க வேண்டும். அப்புறம் எனக்கு மிக முக்கியமாகப் படும் வரி ஒன்று: இறுதித் திட்டத்தை வெளியிடும்போது, மாநிலங்கள், பக்கத்து நிலக்காரர்கள், உள்ளாட்சிகள், பாதிக்கப்படக்கூடிய மற்றவர்கள் ஆகியோர் சொன்ன கருத்துகளின் சுருக்கத்தையும், அவர்கள் கவலைகளை என்ன செய்தோம் என்ற விளக்கத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

அதனால்தான் பதில் பெறும் உரிமை என்றேன். எந்தத் திட்டத்தை எடுத்தாலும் கடைசியில் பின்னிணைப்பாகக் கேள்வியும் பதிலுமாகப் பல பக்கங்கள் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் ஒரு புகலிடத்தின் திட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான். யார் என்ன கேட்டார்கள், எந்தக் கேள்விக்கு அலுவலகம் உண்மையாக மெனக்கெட்டுப் பதில் எழுதியது, எதற்கு "கருத்துக்கு நன்றி" என்று சொல்லிக் கடந்துபோனது என்பதெல்லாம் அங்கே வெட்ட வெளிச்சமாகத் தெரியும். உங்கள் புகலிடத்தின் பழைய திட்டம் இணையத்தில் இருக்கும். கூட்டத்துக்குப் போகும் முன் அதன் பின்னிணைப்பை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள். எப்படி எழுதினால் எடுபடும் என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

எண்ணிக்கை எடுபடாது என்பதற்குப் பெரிய உதாரணம் அலாஸ்காவின் ஆர்க்டிக் புகலிடம். சுமார் 1 கோடியே 96 லட்சம் ஏக்கர். அதன் திட்டத்தைத் திருத்த 2011-ல் வரைவு வெளியிட்டபோது ஆறு லட்சத்துக்கும் அதிகமான கருத்துகள் வந்து குவிந்தன. இவற்றில் மிகப் பெரும்பகுதி அமைப்புகள் எழுதிக் கொடுத்த ஒரே மாதிரிக் கடிதங்கள். அவற்றை அலுவலகம் எப்படிக் கையாளும் என்றால், ஒரே வாசகம் கொண்ட ஆயிரம் கடிதங்களை ஒரே கட்டாகக் கட்டி, ஒரே கருத்தாக எடுத்துக்கொண்டு, ஒரே பதில் எழுதும். 2015-ல் வந்த இறுதித் திட்டம் கடலோரச் சமவெளி உட்பட ஒரு கோடி ஏக்கருக்கும் மேல் தீண்டாக் காட்டுப் பகுதியாக, அதாவது சாலையோ கட்டடமோ இல்லாமல் இயற்கையாகவே விட்டுவைக்கும் நிலமாக அறிவிக்கும்படி பரிந்துரைத்தது. ஆனால் அப்படி அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். அது அறிவிக்கவில்லை. அத்தனை லட்சம் பேரின் விருப்பம் வீண் என்று நான் சொல்லவில்லை. அரசியல்வாதிகளுக்கு அந்த எண்ணிக்கை ஒரு செய்தி. ஆனால் திட்டம் எழுதும் உயிரியலாளரின் மேசையில் ஒரே வாக்கியத்தின் ஆயிரம் நகலை விட, அவருக்குத் தெரியாத ஒரு தகவலைச் சொல்லும் ஒரே ஒரு கடிதத்துக்குக் கனம் அதிகம்.

அந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு ஒரு சங்கதி தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு புகலிடமும் ஏதோ ஒரு நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டிருக்கும். அந்த நோக்கம்தான் அங்கே எல்லாவற்றுக்கும் அளவுகோல். பல புகலிடங்கள் 1929-ன் வலசைப் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வாங்கப்பட்ட நிலங்கள். அப்படிப்பட்ட இடம் வலசைப் பறவைகளின் இடையூறற்ற சரணாலயமாக இருக்க வேண்டும் என்பது அதன் மூல நோக்கம். இதற்கு நேரடி விளைவுகள் உண்டு. அங்கே வாத்து, கூஸ் போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாடத் திறந்துவிட்டாலும் பொதுவாக மொத்தப் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் திறக்க முடியாது. வேறு சில புகலிடங்கள் அருகிவரும் ஓர் உயிரினத்துக்காகவே வாங்கப்பட்டவை. அங்கே கணக்கு வேறு. உங்கள் புகலிடத்தின் நோக்கம் பழைய திட்டத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கும். "எங்களுக்கு இது பிடிக்கும்" என்று தொடங்கும் கடிதத்தையும் "இந்தப் புகலிடத்தின் நோக்கத்துக்கு இது இப்படி உதவும் அல்லது இப்படிக் கெடுக்கும்" என்று தொடங்கும் கடிதத்தையும் அலுவலகத்தால் ஒரே மாதிரி நடத்த முடியாது. இரண்டாவதற்கு ஆராய்ந்துதான் பதில் எழுத வேண்டும்.

நோக்கத்துக்கு அடுத்தபடியாக வருபவை ஆறு பயன்பாடுகள்: வேட்டை, மீன்பிடிப்பு, காட்டுயிர் பார்ப்பது, படம் எடுப்பது, சுற்றுச்சூழல் கல்வி, இயற்கை விளக்கம் (வருகிறவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி எடுத்துச் சொல்வது). காட்டுயிர்களைச் சார்ந்த இந்த ஆறுக்கும் மற்ற பொழுதுபோக்குகளைவிட முன்னுரிமை உண்டு. வேட்டை முதலில் நிற்பது நம்மில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். இந்த அமைப்பின் வரலாற்றில் வேட்டைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வாத்து வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய, 1934 முதல் விற்கப்படும் வாத்து முத்திரையின் பணத்தில்தான் பல புகலிடங்களின் சதுப்பு நிலம் வாங்கப்பட்டது. பறவை பார்ப்பவர்களும் அதை வாங்கலாம். 25 டாலர்தான், வாங்குவது நல்லது. ஆறில் இருந்தால் மட்டும் போதாது. ஆறோ வேறொன்றோ, எந்தப் பயன்பாடும் புகலிடத்தின் நோக்கத்தைக் கணிசமாகக் கெடுக்காது என்று எழுத்தில் தீர்மானித்த பிறகே அனுமதிக்க முடியும். அந்தத் தீர்மானத்துக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்டாக வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது கூட்டத்துக்கு வருவோம். ஃபிஷ் அண்ட் வைல்ட்லைஃப் சர்வீஸின் நடைமுறைப்படி திட்டமிடல் எட்டுப் படிகளாகப் போகும். உங்களைக் கூப்பிட்டிருப்பது அநேகமாக இரண்டாவது படிக்கு, அதாவது எந்தெந்தப் பிரச்சினைகளைத் திட்டம் ஆராய வேண்டும் என்று பட்டியல் போடும் கட்டத்துக்கு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். வரைவே இன்னும் வரவில்லையே, வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். வரைவு அச்சாகி வரும்போது இரண்டு மூன்று மாற்று வழிகளை ஒப்பிட்டு, அவற்றில் ஒன்றை அலுவலகம் தன் விருப்பத் தெரிவாகக் குறித்திருக்கும். ஆய்வுக்குச் செலவு செய்திருப்பார்கள், மாநில அரசோடு பேசி முடித்திருப்பார்கள். அப்போது போய் நான்காவதாக ஒரு வழி இருக்கிறதே என்றால் காது கொடுப்பார்கள், ஆனால் கை கொடுப்பது கடினம். இப்போது, வெறும் பட்டியல் போடும் நேரத்தில் சொன்னால் அதே யோசனை ஒரு மாற்று வழியாகவே ஆய்வுக்குள் நுழைந்துவிடும்.

கூட்டம் என்றதும் மேடை, மைக், வரிசையாகப் பேச்சு என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒரு நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாலை நேரத்தில் ஓர் அறை. சுவரோரமாக வரைபடங்களைத் தாங்கிய பலகைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஊழியர். ஒட்டுத்தாளில் எழுதி வரைபடத்திலேயே ஒட்டச் சொல்வார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது வசதி. நீங்கள் மேலாளரிடம் பேசிவிட்டு மட்டும் திரும்ப வேண்டாம். உயிரியலாளரைத் தேடிப் பிடியுங்கள். நீர்க்கட்டுப்பாட்டைப் பார்க்கும் பராமரிப்பு ஊழியர் வந்திருந்தால் அவரிடமும் பேசுங்கள். புகலிடத்தில் எது முடியும், எது முடியாது என்று துல்லியமாகத் தெரிந்தவர் பல நேரம் அவர்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அதையே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் சீக்கிரமே வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வர்ஜீனியாவின் சிங்கடீக் புகலிடத்தைச் சொல்லலாம். கடலோரத் தடுப்புத் தீவு. கோடையில் கடற்கரைக்கு வரும் கூட்டத்தை நம்பித்தான் பக்கத்து ஊரின் வியாபாரம் நடக்கிறது. கடற்கரையை ஒட்டிய கார் நிறுத்துமிடத்தைப் புயல்கள் அடித்துப் போவதும், திரும்பத் திரும்பப் பணம் கொட்டிச் சரி செய்வதும் வாடிக்கை. ஆரம்பத்தில் யோசித்த வழிகளில் நிறுத்துமிடத்தைக் குறைப்பதும், வெளியே கார்களை நிறுத்திவிட்டு மக்களைப் பஸ்ஸில் கொண்டுபோவதும் இருந்தன. ஊர் கொதித்துப் போனது. வரைவு வருவதற்கு முன்பே கூட்டங்கள், கடிதங்கள், ஊராட்சியின் எதிர்ப்பு என்று பல ஆண்டுகள் இழுபறி. 2015-ல் இறுதி முடிவு வந்தபோது நிறுத்துமிடங்கள் 961 என்ற அதே எண்ணிக்கையில் நீடித்தன. ஆனால் பொதுமக்களுக்கான கடற்கரையை சுமார் ஒன்றரை மைல் வடக்கே, அரிப்பு குறைவான பகுதிக்கு நகர்த்துவது என்று தீர்மானம் ஆனது.

அந்த முடிவு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊர் கேட்டது இரண்டு: இடம் மாறக்கூடாது, எண்ணிக்கை குறையக்கூடாது. எண்ணிக்கை விஷயத்தில் ஊருக்கு நியாயம் கிடைத்தது. பிழைப்பு அதில் இருந்தது, அதை அவர்கள் விவரமாக எடுத்துச் சொன்னார்கள். இடம் விஷயத்தில் கடலின் போக்கை மாற்ற யாராலும் முடியாது. மக்கள் கருத்துக் கேட்பில் வெற்றி என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், பாதி கிடைக்கும்.

இன்னொரு இடம் ஓரகனின் வறண்ட கிழக்குப் பகுதியில் இருக்கும் மல்ஹூர் புகலிடம். 1908-ல் ரூஸ்வெல்ட் ஒதுக்கியது. அங்கே ஆழமற்ற ஒரு பெரிய ஏரி இருக்கிறது. கடந்த நூற்றாண்டில் அதற்குள் புகுந்த கெண்டை மீன்கள் அடிச்சேற்றைக் கிளறி, நீர்த்தாவரங்களை வேரோடு பிடுங்கிக் கலங்கலாக்கிவிட்டன. தாவரம் போனதும் வாத்துகளும் குறைந்துபோயின. இன்னொரு பக்கம், புகலிடத்தின் புல்வெளிகளில் மாடு மேய்ப்பதும் வைக்கோல் வெட்டுவதும் தலைமுறைகளாக நடந்துவந்தன. மேய்ச்சலே கூடாது என்று ஒரு தரப்பும், அது எங்கள் உரிமை என்று மறு தரப்பும் மோதிக்கொண்டிருந்த பகுதி. அங்கே திட்டம் போடும் வேலை தொடங்கியபோது மேலாளர்களும் ரான்ச்சர்களும் (பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்களும்) பாதுகாப்பு அமைப்பினரும் பழங்குடியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இதற்கு அடித்தளம், ஒரு ரான்ச்சரும் புகலிட மேலாளரும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஹை டெசர்ட் பார்ட்னர்ஷிப் என்ற உள்ளூர் அமைப்பு. 2013-ல் முடிந்த திட்டம் கெண்டை மீனைக் கட்டுப்படுத்துவதை முதல் வேலையாக வைத்தது. மேய்ச்சலையும் வைக்கோல் வெட்டையும் ஒரேயடியாக ஒழிக்கவும் இல்லை, இஷ்டத்துக்கு விடவும் இல்லை. பறவைகளுக்கு வேண்டிய புல்லின் உயரத்தைக் கண்காணித்து, அதற்கேற்ப அவற்றைக் கருவியாகப் பயன்படுத்தும் வழியைப் பிடித்தது.

2016 ஜனவரியில் மத்திய அரசின் நில அதிகாரத்தை எதிர்த்து ஆயுதம் தாங்கிய ஒரு கும்பல் இதே புகலிடத்தின் தலைமையகத்தைக் கைப்பற்றி 41 நாட்கள் உட்கார்ந்திருந்தது. தலைவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளூர் ரான்ச்சர்கள் திரண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. அரசு மீது அவர்களுக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தை எழுத அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேசைக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று அந்தப் பகுதியைக் கவனித்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, நீங்கள் என்ன எழுதலாம்? பெரிய கொள்கைகளைப் பேசத் தேவையில்லை. வாரா வாரம் போகிறவர்களுக்குத் தெரிவது புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிக்குத் தெரியாது. பறவை பார்க்கிறவர்கள் என்பதால் தண்ணீரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

பல புகலிடங்களில் நீங்கள் பார்ப்பது இயற்கையான ஏரி இல்லை, கரை போட்டுத் தேக்கிய பாத்திகள். கரையின் ஒரு மூலையில் கான்கிரீட் பெட்டி ஒன்று இருக்கும். அதன் பள்ளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மரப்பலகைகளைச் செருகியிருப்பார்கள். மேல் பலகை ஒன்றை உருவினால் சில அங்குலம் தண்ணீர் இறங்கும். வசந்தத்தில் மெதுவாக இறக்கினால் ஓரத்தில் ஈரச் சேறு வெளிப்படும், சேற்றுப் புழுக்களைத் தின்ன உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்கும். அதே சேற்றில் காட்டுத் தினை போன்ற செடிகள் முளைத்து விதை பிடிக்கும். இலையுதிர் காலத்தில் பலகையைத் திரும்பச் செருகித் தண்ணீர் விட்டால் அந்த விதைகள் வாத்துகளுக்கு உணவு. வேகமாக இறக்கிவிட்டால் சேறு காய்ந்து வெடித்துவிடும், ஒன்றும் மிஞ்சாது. வருடம் முழுவதும் நிறைத்தே வைத்திருந்தால் சம்பங்கோரை அடைத்துக்கொள்ளும். மீன் பிடிப்பவர்களுக்கு ஆழம் வேண்டும், வாத்து வேட்டைக்காரர்களுக்கு அக்டோபரில் தண்ணீர் வேண்டும், பக்கத்து விவசாயிக்குத் தன் வயலில் ஊற்று எடுக்கக் கூடாது, உங்களுக்குச் சேறு வேண்டும். அந்தப் பலகைகளை எந்த வாரம் உருவுவது என்பதில்தான் இத்தனை பேரின் சண்டையும் இருக்கிறது. திட்டத்திலோ இது "ஈரநில வாழிட மேலாண்மை" என்ற ஒரு தலைப்பின் கீழ் நாலு வரியில் முடிந்துவிடும்.

இதில் "பறவைகளுக்கு இன்னும் நல்ல வாழிடம் வேண்டும்" என்று எழுதினால், அதைத்தான் செய்கிறோம் என்று பதில் வரும். மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: "வடக்குப் பாத்தியில் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தண்ணீர் நிரப்பிவிடுகிறீர்கள். தெற்கே திரும்பும் உள்ளான்கள் ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்த வழியாகப் போகின்றன. நாங்கள் ஈபேர்டில் (பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இணையதளம்) பதிந்த பட்டியல்களை இணைத்திருக்கிறோம். தண்ணீர் ஏறிய வாரத்திலிருந்து அவற்றின் எண்ணிக்கை விழுவதைப் பாருங்கள். மூன்று பாத்திகளில் ஒன்றிலாவது செப்டம்பர் நடுப்பகுதி வரை சேறு தெரியும்படி விடும் வழியை ஒரு மாற்றாக ஆராயுங்கள். முடியாது என்றால் பம்ப் செலவு காரணமா, வாத்து உணவு காரணமா என்று திட்டத்தில் விளக்குங்கள்." இடம், காலம், ஆதாரம், ஒரு மாற்று வழி, ஒரு கேள்வி எல்லாம் இதில் வந்துவிட்டன. இதற்கு ஒருவர் உட்கார்ந்து பதில் எழுதியே ஆக வேண்டும்.

நாய், சைக்கிள் விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டும் அந்த ஆறு பயன்பாடுகளில் இல்லை. நாய் நடமாட்டம் தரையில் கூடு கட்டும் பறவைகளைக் கலைக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. எனக்கு வாக்கு இருந்தால் கூடு கட்டும் பகுதியில் நாயை அனுமதிக்க வாக்களிக்க மாட்டேன். உங்களுக்கும் அந்தப் பறவைகள் மேல் அக்கறை இருப்பதால் இதை வற்புறுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சைக்கிளுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே கார்கள் போகும் சுற்றுச்சாலையில், கூடு கட்டும் பருவம் தவிர்த்த மாதங்களில், பறவை பார்க்கப் போவதற்கான வழியாக என்று கேளுங்கள். சைக்கிள் ஓட்டுவதற்காகச் சைக்கிள் என்றால் மறுக்க எளிது. ஆறு பயன்பாடுகளில் ஒன்றுக்குத் துணையாகும் வழி என்றால் ஆராய வேண்டியிருக்கும்.

கூட்டத்தில் யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். பழங்குடி நாடுகளோடு, அதாவது அமெரிக்கப் பழங்குடியினரின் தன்னாட்சி அரசுகளோடு, மத்திய அரசு தனியாக, அரசுக்கு அரசு என்ற முறையில் பேசும். அது பொதுக்கூட்டத்தின் பகுதி இல்லை, இருக்கவும் கூடாது. மாநிலக் காட்டுயிர்த் துறைக்கும் தனி இடம் உண்டு. நடைமுறையில் அவர்கள் சொல்லுக்கு நம் சொல்லைவிட எடை அதிகம். ஆனால் மீன் பிடித்துச் சாப்பிடும் புலம்பெயர்ந்த குடும்பங்கள், மாலை நேர ஷிஃப்ட்டில் வேலை செய்பவர்கள், ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்கள் இவர்களெல்லாம் வருவதே இல்லை. அவர்களுக்கு வாசலில் ஒட்டிய அறிவிப்பு போதாது. இது இந்த முறையின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது அங்கே தூண்டில் போடுபவர்களாக இருந்தால், அவர்களையும் கூட்டிப்போங்கள். மொழிபெயர்த்த அறிவிப்பு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதுவும் ஒரு கருத்துதான்.

உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து நிரந்தர ஆலோசனைக் குழு அமைத்து அலுவலகத்தோடு திட்டத்தை எழுதக்கூடாதா என்று பலர் கேட்பார்கள். 1972-ன் ஆலோசனைக் குழுச் சட்டம் அதற்குக் கெடுபிடியான விதிகள் வைத்திருக்கிறது. அரசு ஒரு குழுவைத் தானே அமைத்து அதனிடம் ஒருமித்த ஆலோசனை வாங்கினால் முறைப்படி பதிவு செய்து, கூட்டங்களைத் திறந்துவைத்து, இன்னும் என்னென்னவோ செய்ய வேண்டும். மேலாளர் தயங்கினால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மல்ஹூரில் நடந்ததுபோல மக்கள் தாங்களே ஓர் அமைப்பைத் தொடங்கி, அதற்கு அதிகாரிகளை அழைப்பது நல்ல வழி. பல புகலிடங்களுக்கு நண்பர்கள் குழு என்ற பெயரில் தன்னார்வ அமைப்பு ஏற்கெனவே இருக்கும். அதில் சேருங்கள்.

திட்டம் கையெழுத்தானதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பது எதற்கும் பணமோ ஆளோ உறுதி இல்லை என்று திட்டத்திலேயே ஒரு வரி இருக்கும். ஊழியர்கள் குறைந்துகொண்டே வரும் இந்தக் காலத்தில் அந்த வரி மிகவும் உண்மை. நடைமுறையைத் தீர்மானிப்பவை அடுத்தடுத்து வரும் சிறு திட்டங்கள்: வேட்டைக்கு ஒன்று, தீ மேலாண்மைக்கு ஒன்று, பார்வையாளர் வசதிக்கு ஒன்று. நான் முன்பு சொன்ன அனுமதித் தீர்மானங்களும் அப்படித்தான். ஆறு பயன்பாடுகளுக்கு 15 ஆண்டுக்கு ஒரு முறையும் மற்றவற்றுக்கு 10 ஆண்டுக்கு ஒரு முறையும் மறு ஆய்வு உண்டு. இவற்றுக்கான கருத்துக் கேட்பு சில நேரம் இரண்டே வாரத்தில் முடிந்துவிடும், பத்திரிகையில் சின்னதாக ஓர் அறிவிப்புதான் வரும். கூட்டத்தில் உங்கள் மின்னஞ்சலை அறிவிப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

2025-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஆய்வு விதிகள் பெருமளவு மாற்றப்பட்டன, பல இடங்களில் கருத்துக் கேட்பதற்கான கட்டாயம் தளர்ந்திருக்கிறது. அதனால் இனி எதுவும் கேட்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வது சரியில்லை. புகலிடத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 1997 சட்டத்திலேயே தனியாக இருக்கிறது. சட்டம் மாறாத வரை அந்தக் கடமை நிற்கும்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க ஒன்று. அனுப்பும் கருத்து பொது ஆவணம் ஆகிவிடும். பெயரும் முகவரியும் வெளியே தெரியலாம். வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம், ஆனால் மறைப்பார்கள் என்று உத்தரவாதம் இல்லை. தொலைபேசி எண்ணை எழுத வேண்டாம்.

எழுதியதன் நகலைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள். இறுதித் திட்டம் வந்ததும் பின்னிணைப்பில் உங்கள் கருத்துக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். காணவில்லை என்றால் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். திட்டத்தை எதிர்த்து யாராவது நீதிமன்றம் போனால் முதலில் எழும் கேள்விகளில் ஒன்று, இந்த விஷயத்தைக் கருத்துக் கேட்பின்போது யாராவது எழுப்பினார்களா என்பது. எழுப்பாததைப் பின்னால் கொண்டுவந்தால் நீதிபதிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2004-ல் உச்ச நீதிமன்றமே ஒரு சுற்றுச்சூழல் வழக்கில் அப்படிச் சொல்லியிருக்கிறது. நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் நாளை அந்த வடக்குப் பாத்திக்காக யாராவது போராட வந்தால், உங்கள் ஒரு பக்கக் கடிதம் கோப்பில் இருப்பது அவருக்கு உதவும்.